சென்ற ஆண்டு மலரின் 27ஆம் பக்கம்

சென்ற ஆண்டு நம் பேரவை மலர் யாரிடமாவது பத்திரமாக இருந்தால் 27ஆம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். (இல்லாவிட்டால் பாதகமில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் அதன் ஒரு தாளில் வடை மடித்துக் கொடுத்து, நானே வாங்கித் தின்றிருக்கிறேன்.) கறுப்பு வானம், அதன் அடியில் ரத்தச் சிவப்பாக ஒரு பட்டை. கீழே, "நம் மாணவர் தன் வீட்டு மாடியிலிருந்து எடுத்த வடதுருவ ஒளி! 11-5-2024" என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் பெயரும் சிவில் பிரிவும் அச்சாகியிருக்கும்.

அது வடதுருவ ஒளி இல்லை.

இந்த வருஷ மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "ஒரு திருத்தம் இருக்கு, போடுவியாலே?" என்றேன். "ரெண்டு வரிதானே, கடைசிப் பக்கத்துல போட்டுரலாம்" என்றான். ரெண்டு வரியில் முடிகிற சங்கதியாக இருந்தால் போன வருஷமே முடித்திருப்பேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

துருவ ஒளி மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்தது 2020ல், எட்டாம் வகுப்பில். பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் செல்போனில் என்று ஆனபோது அப்பா கடன் வாங்கி ஒரு போன் வாங்கித் தந்தார். பாடம் போக மீதி நேரத்தில் அந்தப் போனில் நான் போகாத தேசம் இல்லை. அப்படித்தான் ஒரு நாள் கிருனாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்வீடன் நாட்டின் வடகோடியில் இருக்கிற ஊர் அது. அங்கே ஸ்வீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனத்தில் ஒரு கேமரா மல்லாந்து படுத்து ராத்திரி முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மீன்கண் லென்ஸ். தோசைக்கல் மாதிரி வட்டமாக, முழு வானமும் ஒரே படத்தில் விழும். நிமிஷத்துக்கு ஒரு படம். நான் பார்த்த அன்று அந்தத் தோசைக்கல்லின் நடுவே பச்சையாக ஒரு துணி காற்றில் ஆடுவது போல ஆடியது. எங்கள் வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. இருட்டில் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போன் சார்ஜ் தீரும் வரை.

அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து மின்னூட்டமுள்ள துகள்கள் எந்நேரமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றை வழிமறிக்கிறது. அந்த மல்லுக்கட்டில் வேகம் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு, துருவங்களைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தில் வந்து இறங்குகின்றன. இறங்கும்போது மேல் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் மோதுகின்றன. மோதலில் வாங்கிய சக்தியை அவை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கின்றன. டியூப் லைட் எரிவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். 100 முதல் 150 கிலோமீட்டர் உயரம் வரை ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு. ஏன் மேலே மட்டும் சிவப்பு? சிவப்பை விடுவதற்கு ஆக்சிஜன் அணுவுக்குக் கிட்டத்தட்ட 2 நிமிஷம் வேண்டும். கீழே காற்றில் கூட்டம் அதிகம். ரெண்டு நிமிஷம் நிதானமாக நின்று பஸ் ஏற நினைப்பவனைக் கூட்டம் இடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி, மற்ற மூலக்கூறுகள் மோதி அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும். பச்சைக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். அதனால் அது கூட்டத்திலும் ஏறிவிடும்.

வடக்கே நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, அலாஸ்கா பக்கம் வீட்டிலேயே வானாய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய கும்மட்டமெல்லாம் வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு மரக் கொட்டகை போதும். ஒரு பெட்டிக்குள் கேமராவை மல்லாத்தி வைத்து, மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் அரைக்கோளத்தைக் கவிழ்க்கிறார்கள். அதன்மேல் பனி படியாமலிருக்க உள்ளே நாலைந்து ரெசிஸ்டர்களைச் சூடாக்கி வைக்கிறார்கள். (நம் எலெக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்க: ரெசிஸ்டர் சூடாவதை நஷ்டம் என்று மட்டும் எழுதாதீர்கள்!) இன்னும் சிலர் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் நூலில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, சுவரில் விழும் வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியப் புயல் வந்து மோதினால் புள்ளி நகரும். உடனே கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியதுதான். ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200, லென்ஸ் முழுசாகத் திறந்து 5 முதல் 15 விநாடி, போக்கஸை ஒரு நட்சத்திரத்தின் மேல் கையால் வைக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், ஆகவே இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். கேமராவைப் பனியிலிருந்து நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வேர்த்துவிடும், பையில் கட்டிக்கொண்டு வரவேண்டும். பனியையே பார்த்திராத எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

மங்கலான துருவ ஒளி வெறும் கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது. கேமராவுக்குத்தான் பச்சையும் சிவப்பும் தெரியும். இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டுதான் நான் ஏமாந்தேன். கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டினால் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் துருவ ஒளிக்கு ஆகாத இடம் என்று தேடினால் அது நம் ஊர்தான். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது. அதை ஆராயவே திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. (கோயில் சிற்பத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!) மேலும் கீழும் ஆடும்படி மாட்டிய காந்த ஊசி நார்வேயின் டிராம்சோவில் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். நம் பக்கம் அது ஏறக்குறைய படுத்தே கிடக்கும். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாடியேறினேன்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. சூரியனில் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலத்துக்குக் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று திரும்பி நம்மைப் பார்த்து வெடித்துக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய பிழம்புகள் நம் நேரப்படி அன்று ராத்திரி பத்தரை மணி வாக்கில் பூமியை வந்து மோதின. 2003க்குப் பிறகு இவ்வளவு பெரிய காந்தப் புயல் இல்லை. எனக்கு முதலாண்டு முடிந்து லீவு. 1872 பிப்ரவரி 4ந் தேதி பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாக அந்நாள் பத்திரிகைச் செய்தி உண்டு. பம்பாய் வரை வந்தது இன்னும் கொஞ்சம் தெற்கே வராதா என்று ஒரு நப்பாசை.

எங்கள் வீடு அரசாங்கம் கட்டித் தந்த தொகுப்பு வீடு. மாடிப்படி கிடையாது, ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். போனை ரெண்டு செங்கல்லுக்கு நடுவே வடக்குப் பார்த்துச் செருகி, இரவுப் படம் எடுக்கும் முறையில் போட்டு, 30 விநாடி. முதல் படத்தில் ஒன்றுமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்த படத்தில் அடிவானத்தில் சிவப்பு! எனக்குக் கை நடுங்கியது. ஏணியில் பாதி இறங்கி, பாதி விழுந்து, அப்பாவை எழுப்பினேன்.

"எப்பா, மேல வாங்க, சீக்கிரம்!"

"என்னலே இந்நேரத்துல? பாம்பா?"

அப்பா ஏறி வந்து வடக்கே பார்த்தார். கண்ணுக்கு லேசாக ஒரு செம்மை தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. போனில் காட்டினேன். அதில் அப்பட்டமாகச் சிவப்பு. "அது வந்துய்யா..." என்று அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. சூரியன், காந்தம், ஆக்சிஜன், 200 கிலோமீட்டர் என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா! சரிய்யா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வந்த செய்தி என்னைத் தரையில் நிற்கவிடவில்லை. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள முழுவானக் கேமராவில் அதே ராத்திரி துருவ ஒளியின் சிவப்பு வளைவு பதிவாகியிருந்தது. அதே சிவப்பு! என் படத்தையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று நான் பார்க்கவும் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. வாட்ஸ்அப்பில் படம் ஊரெல்லாம் போனது. அப்பா டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாகப் போட்டு லேமினேட் செய்து கொண்டுவந்தார். என்ன செலவு என்று கேட்டேன், சொல்லவில்லை. செங்கல் சூளையில் கல் சுமக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலிக்குக் குறையாது என்பது எனக்குத் தெரியும். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். டீக்கடையில் யாராவது "அது எப்படிவே நம்மூர்ல தெரியும்?" என்று கேட்டால், "எம்மவன் பாத்திருக்கான். படிச்ச புள்ள சொல்லுதான், சரியாத்தான் இருக்கும்" என்பாராம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி திறந்ததும் நம் பிரிவில் கைதட்டினார்கள். மலருக்குப் படம் கேட்டார்கள், கொடுத்தேன்.

அதே ஆண்டு அக்டோபர் 10ந் தேதி இன்னொரு பெரிய புயல். ஹான்லேயில் மறுபடியும் சிவப்பு பதிவானது. நான் மாடியில் விடிய விடிய உட்கார்ந்தேன். ஒரே மேகம். பிறகு மழை. சரி, மேகத்தால்தான் தெரியவில்லை என்று இறங்கிவிட்டேன். மேகம் நன்மையே செய்தது என்று அப்போது நினைத்தேன். சந்தேகம் வருவதை நாலு மாசம் தள்ளிப்போட்டது.

2025 மாசி மாசம். ஒரு சாதாரண ராத்திரி. புயலுமில்லை, ஒன்றுமில்லை, சூரியன் சமத்தாக இருந்தது. புது மாடல் போன் வாங்கிய என் வகுப்பு நண்பன், அதில் நட்சத்திரம் எப்படி விழுகிறது என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மாடியில் வைத்து வடக்கே ஒரு படம் எடுத்தான். "ஏலே, ஒன் அரோரா இன்னைக்கும் வந்திருக்குலே!" என்று சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். படத்தைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே இடம், அதே சிவப்பு.

வடக்கே வீட்டு ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் செய்யும் ஒரு காரியத்தை நான் கவனிக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களுடைய கேமரா புயலடிக்கிற ராத்திரி மட்டும் எடுப்பதில்லை. ஒன்றுமே இல்லாத ராத்திரிகளையும் நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்துத் தள்ளுகிறது. மேகம், நிலா, பக்கத்து ஊர் விளக்கு எல்லாம் அதில் இருக்கும். ஒன்றுமில்லாத வானம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே ஏதோ இருப்பது தெரியும்? நம் கொடைக்கானல் வானாய்வகத்திலும் அப்படித்தான், 1904லிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். கரும்புள்ளி இருந்தாலும் எடுப்பார்கள், இல்லாவிட்டாலும் எடுப்பார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு ராத்திரியின் படம். அதற்கு முந்தின ராத்திரியின் படம் ஒன்று இருந்திருந்தால் 27ஆம் பக்கத்தில் கவிதை ஏதாவது வந்திருக்கும்.

அன்று நண்பன் போனபிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஹான்லேயில் தெரிந்த மாதிரியான சிவப்பு வளைவு சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு பொருள் அடிவானத்தில் தலைகாட்ட வேண்டுமானால் எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும்? 6,371ஐ 6,771ஆல் வகுத்தால் 0.941. அதைக் கொசைனாகக் கொண்ட கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரி. தரையில் 2,200 கிலோமீட்டர். ஹான்லே இருப்பது ஏறக்குறைய 33 டிகிரி அட்சரேகையில். அங்கிருந்து வடக்கே 53 டிகிரி வரை உள்ளதைப் பார்க்கலாம். சரிதான். நாம் இருப்பது 8.7 டிகிரியில். 20 கூட்டினால் 28.7. மேப்பை எடுத்துப் பார்த்தேன். டெல்லி! என் படத்தில் இருப்பது துருவ ஒளியானால் அது டெல்லிக்காரர்கள் தலைக்கு நேர் மேலே தொங்கியிருக்க வேண்டும். அப்போதும் எனக்கு அடிவானத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும். டெல்லியில் யாரும் பார்க்கவில்லை. முதல் வருஷக் கணக்குப் பாடத்திலேயே இருக்கிற கொசைன். அதில் நான் 91 மார்க்.

அப்படியானால் அது என்ன? இதற்கு வழி காட்டியவர் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நார்வேக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அந்தக் காலத்தில் பெரிய தகராறு. மலை உச்சியைத் தொடுகிறது என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. பின்லாந்தில் லெம்ஸ்ட்ரோம் என்ற பேராசிரியர் 1880களில் ஒரு மலை உச்சியில் கம்பிகளைப் பரப்பி வைத்து, அதிலிருந்து துருவ ஒளியைத் தானே எழுப்பிவிட்டதாக அறிவித்தார். சோபஸ் டிராம்ஹோல்ட் என்ற டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஐஸ்லாந்துக்குப் போய் ஒரு மலையில் அதே மாதிரி செய்து பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. (பேராசிரியரே ஏமாறலாம் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.) இந்த டிராம்ஹோல்ட் அதற்கு முன் 1882-83 குளிர்காலம் முழுவதும் நார்வேயின் வடக்கே கௌட்டோகெய்னோ என்ற ஊரில் தங்கித் துருவ ஒளியை அளந்தவர். படமும் எடுக்கப் பார்த்தார். அந்நாள் பிளேட்டில் ஒன்றும் விழவில்லை. வெளிச்சம் போதாது. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர் சாமி இன மக்களைப் படமெடுத்தார். வானத்துக்குப் போனவர் மனிதர்களோடு திரும்பினார். அந்தப் படங்கள்தான் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இருக்கின்றன. துருவ ஒளியை உள்ளபடி படத்தில் பிடித்தவர் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர், 1892ல், அதே வடக்கு நார்வேயில் பொஸ்ஸெகோப் என்ற ஊரில்.

அந்த ஊருக்கு மேலே ஹால்டே மலையில், 900 மீட்டர் உயரத்தில், பிர்க்லாண்ட் என்ற விஞ்ஞானி 1899ல் துருவ ஒளிக்கென்றே கல்லால் ஒரு ஆய்வகம் கட்டினார். பிற்பாடு 1926 வரை விஞ்ஞானிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்து வேலை பார்த்திருக்கிறார்கள். வீடும் அதுதான், ஆய்வுக்கூடமும் அதுதான். சிவில்காரன் என்ற முறையில் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் தனி மரியாதை. அந்தப் புயல்காற்றில் அவ்வளவு உயரத்துக்குக் கல் சுமந்தவர்கள் யார் என்று யோசிப்பேன்.

நான் சொல்ல வந்தவர் கார்ல் ஸ்டோர்மர். கணித மேதை. மாணவராக இருந்தபோது சட்டைக்குள் ஒரு சின்னக் கேமராவை ஒளித்து வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் படமெடுத்தவர். நாடக ஆசிரியர் இப்சனும் அதில் அகப்பட்டிருக்கிறார். அந்தக் குறும்புக்காரர்தான் பிறகு துருவ ஒளியைப் பிடித்தார். 1910ல் பொஸ்ஸெகோப்பில் நாலு கிலோமீட்டர் சொச்சம் இடைவெளியில் ரெண்டு கேமரா. நடுவே டெலிபோன். "எடு" என்றதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ரெண்டு படத்திலும் பின்னால் ஒரே நட்சத்திரங்கள் இருக்கும். துருவ ஒளி மட்டும் சற்று இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறியதோ அதை வைத்து உயரம். நாலு கிலோமீட்டர் போதவில்லை என்று 1913ல் சுமார் 27 கிலோமீட்டர் தள்ளி வைத்தார். துருவ ஒளியின் கீழ் விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது என்று நிறுவியது இப்படித்தான்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே துள்ளல். ஏனென்றால் இது நம் சர்வே பாடம்! பேஸ் லைன், ரெண்டு ஸ்டேஷன், இன்டர்செக்ஷன். "ஒரே ஸ்டேஷன்ல நின்னு எடுத்த ரீடிங்கை நம்பி ஒருத்தன் வீட்டுக்கும் கல்லு நடாதீங்கப்பா" என்று நம் சர்வே சார் சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும். தியோடலைட்டை வீட்டுக்கா கொண்டுபோக முடியும்? நட்சத்திரம் இருக்கிறதே. நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில், நேர் வடக்கே அசையாமல் நிற்கும். அதைவிட நல்ல கல் எது?

அதே நண்பனுடைய ஊர் எங்கள் ஊருக்குக் கிழக்கே 3 கிலோமீட்டர். மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவன் அவன் வீட்டு மாடியில், நான் என் வீட்டு மாடியில். போனில் பேசிக்கொண்டே படமெடுக்க முடியாது என்பதால் அவன் தங்கச்சியின் போன், எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் போன் என்று நாலு போன் இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தன. "எடு!" என்றேன். எடுத்தோம்.

என் படத்தில் சிவப்பு துருவ நட்சத்திரத்துக்கு நேர் கீழே. அவன் படத்தில் சிவப்பு இடதுபக்கம் 30 டிகிரிக்கு மேல் தள்ளி, படத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. 2,200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற பொருளாக இருந்தால் 3 கிலோமீட்டர் நகர்ந்ததற்கு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட மாறியிருக்காது. டிராயிங் ஷீட்டை விரித்து, ரெண்டு வீட்டையும் குறித்து, ரெண்டு கோடு இழுத்தேன். எங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே 5 கிலோமீட்டரில் கோடுகள் வெட்டிக்கொண்டன. குளத்துக்கு அந்தப் பக்கம்.

அங்கே என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. நான் அந்த வழியாகப் போனதில்லை. அப்பா வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். ஷீட்டைக் காட்டி, "எப்பா, இந்த எடத்துல என்னப்பா இருக்கு?" என்றேன்.

அப்பா குனிந்து பார்த்தார். ஷீட்டைப் பார்த்தாரா என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. "நம்ம சூளைதாம்யா" என்றார்.

அப்பா வேலை பார்க்கிற சூளைக்கு ஊருக்கு மேற்கே போகிற பாதையில்தான் சைக்கிளில் போவார். அதனால் சூளை மேற்கே இருக்கிறது என்று சின்ன வயசிலிருந்து என் எண்ணம். பாதை குளத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்புவது எனக்குத் தெரியாது. கையில் மேப் இருந்தது, கிருனாவும் டிராம்சோவும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அப்பா பதினாலு வருஷமாகக் கல் சுமக்கிற இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்ததில்லை.

"அன்னைக்கு ராத்திரி சூளை எரிஞ்சுதாப்பா? போன சித்திரையில?"

"எரிஞ்சுது. சித்திரைக் கடைசியில தீ போட்டிருந்தோம். உடை வெறகு. ராத்திரி ரெண்டாங்கட்டு வெறகு தள்ளுனா பொகையெல்லாம் செவப்பா நிக்கும்."

"அப்ப ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "சூளை வெளிச்சம்னுதான் நெனச்சேன். சொல்லவும் வந்தேன். நீ சூரியன் காந்தம்னு என்னெல்லாமோ சொன்ன. படிச்ச புள்ள, நமக்கென்ன தெரியும், நாம பாத்தது தப்பா இருக்கும்னு இருந்துட்டேன்."

பதினாலு வருஷம் அந்தத் தீயைப் பார்த்த கண். நான் அஞ்சு நிமிஷம் பேசி அதைத் தப்பென்று ஆக்கிவிட்டேன். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி சொல்லப்போவதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். இது நடந்த வாரத்தில் சென்ற ஆண்டு மலர் அச்சகத்தில் இருந்தது. 27ஆம் பக்கம் ஓடியிருக்கவில்லை. ஒரு போன் செய்திருந்தால் படத்தை எடுத்திருப்பார்கள். மலர்க் குழுவில் இருந்த சீனியர் அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. ரெண்டு தடவை எடுத்தேன், ரெண்டு தடவையும் வைத்துவிட்டேன். கைதட்டியவர்கள் முகம் எல்லாம் வந்து நின்றது. மலர் வந்தது. விழாவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். என்னிடம் தப்பான படம் இருந்தது ஒன்பது மாசம் தெரியாமல்; அதற்கப்புறம் ஒரு வருஷம் தெரிந்தே. முதலாவதற்கு நான் வெட்கப்படவில்லை.

வீட்டில் மட்டும் அன்று ராத்திரியே படத்தைக் கழற்றப் போனேன். அப்பா விடவில்லை.

"அது ஏன் கழத்துத? நல்ல படம்தானே. எங்க சூளைய எவன் போட்டோ எடுத்திருக்கான்? கீழ எழுதுனதை மட்டும் மாத்து."

மார்க்கர் பேனாவால் எழுதினேன். "செங்கல் சூளை, வடக்கே 5 கி.மீ., 11-5-2024 அதிகாலை 2 மணி, 30 விநாடி." அப்பாவுக்கு வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொன்னார்.

இப்போது எங்கள் மாடியிலும் ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லலாம். 2020ல் வாங்கிய அந்தப் பழைய போன்தான். முகம் முழுக்கக் கீறல், பேச முடியாது, படம் மட்டும் எடுக்கும். எண்பது ரூபாய் மீன்கண் லென்ஸ் ஒன்றை மாட்டி, பெயிண்ட் டப்பாவுக்குள் மல்லாத்தி வைத்து, மேலே கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கிறேன். நமக்கு உறைபனித் தொல்லை இல்லை, எறும்புத் தொல்லைதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம். காலையில் எழுந்ததும் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். மேகம். நிலா. மின்னல். சூளை எரிந்தது. சூளை எரியவில்லை. பிளேன் போனது. அனேக நாள் "ஒன்றுமில்லை"தான்.

சூளை எரிகிற நாளில் அப்பா விடியற்காலை வந்து, ஏணிக்குக் கீழே நின்று கேட்பார்.

"இன்னைக்கு என்னய்யா விழுந்திருக்கு?"

"உங்க சூளைதாம்பா. ரெண்டரை மணிக்கு நல்லாத் தெரியுது."

"ரெண்டே காலுக்குத்தான் வெறகு தள்ளுனோம். சரியாத்தான் இருக்கு. எழுதிக்க" என்பார்.